முதல் துறையா, கடைசித் துறையா?

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளின் பின்னர், கொழும்புத் துறைமுகத்திலே அடிக்கடி காணக்கூடியதாயிருந்த காட்சி ஒன்றுண்டு. இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுச் சூயெஸ் கால்வாயையும் ஏடனையும் கடந்து வந்த பெரும் பிரயாணக் கப்பலொன்று அங்கே நிற்கும். அதன் மேற்றளத்துக் கம்பிகளைப் பிடித்தவண்ணம் இளந் தந்தையரும் தாய்மாரும் கரையைப் பார்த்துக் கொண்டிருப்பர். அவர்களுடைய இடுப்பிலும் தோளிலும் கைப்பிடியிலும் குழந்தைகள் இருக்கும். அவர்கள் இலங்கையைப் பார்க்க வந்தவர்களல்லர். அவுஸ்திரேலியாவில் குடியேறச் செல்பவர்கள். வளர்ந்தவர் ஒருவருக்குப் பத்துப் பவுண். பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. இந்தச் சலுகைத் திட்டத்தின் முதற் கப்பல் 1947 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் புறப்பட்டது. 1970களின் தொடக்கம் வரையில், இத்திட்டத்தின் வழியாகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரித்தானியர் கடல் கடந்து சென்றனர்.

அதே கரையில் நின்று அக்கப்பல்களைப் பார்த்த இலங்கையருள் மிகப் பெரும்பாலோருக்கு அவுஸ்திரேலியாவின் கதவு அன்று மூடியே கிடந்தது. வெள்ளையரை மாத்திரம் வரவேற்ற கொள்கை 1966 இல் தளர்ந்து, 1973 இல் முற்றாகக் கைவிடப்பட்டது. அதன் பின்னரே தமிழ்க் குடும்பங்களும் அந்த நாட்டைத் தங்கள் தெரிவுகளுள் ஒன்றாக எண்ண முடிந்தது. எனவே அன்று ஆங்கிலக் குடும்பங்களுக்கு முன்னே நின்ற வினா, இன்று பல நாட்டுக் குடும்பங்களுக்கும் உரிய பொது வினாவாகிவிட்டது.

அந்த வினா யாது? கொழும்பை விட்டுத் தெற்கு நோக்கிச் செல்லும் கப்பல், பூமத்திய ரேகையைத் தாண்டி, ஏறக்குறைய ஒரு வாரம் கரையே காணாது ஓடும். பின்னர் முதலாவதாகத் தட்டும் அவுஸ்திரேலியத் துறை பிறீமாண்டில். அதாவது பேர்த் நகரின் வாயில். அங்கே இறங்காதவர்களைச் சுமந்து கொண்டு கப்பல் அடிலெயிட், மெல்பேண், சிட்னி என்று கண்டத்தின் கீழ்க்கரையைச் சுற்றிச் செல்லும். சில கப்பல்கள் பிறிஸ்பேன் வரையுஞ் செல்வதுண்டு. ஏனையவற்றில் வந்தோர் சிட்னியில் இறங்கி இரயிலேறுவர். முதல் துறையில் இறங்குவதா, கடைசித் துறை வரை போவதா? ஒரு நாட்டுக்குள்ளேயே இருக்கும் இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 3,600 கிலோமீற்றர். ஒரு துறையைத் தெரிந்தவன் மற்றத் துறையை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்று கப்பல் இல்லை, விமானம் உண்டு. ஆனால் வினா மாறவில்லை. இங்கிலாந்தின் சிறிய ஊரொன்றிலுள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கணவன் மின்சாரத் தொழிலாளி. மனைவி மருத்துவமனைத் தாதி. மூத்த பெண்ணுக்கு ஆறு வயது. இளைய பையனுக்கு இரண்டு. அடுத்த தெருவிலே தாதியின் தாயார் தனியே வாழ்கிறார். கணவன் பேர்த் என்கிறான். மனைவி பிறிஸ்பேன் என்கிறாள். இருவரும் கடலை விரும்புகின்றனர். இருவரும் வெயிலை விரும்புகின்றனர். ஆயினும் இரவு தோறும் அதே மேசையில் அதே வாதம் தொடர்கின்றது. இவர்களுக்கு எது ஏற்றது?

முதலில் இரு நகரங்களின் பிறப்பையும் இருப்பையும் நோக்குவது தகும். பிறிஸ்பேன் பிரதேசத்திலே 1824 ஆம் ஆண்டில் றெட்கிளிப் என்னுமிடத்தில் கைதிகளின் குடியேற்றம் ஒன்று நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அது ஆற்றங்கரைக்கு மாற்றப்பட்டது. குயீன்ஸ்லாந்து தனிக் குடியேற்ற நாடானது 1859 இலாகும். பேர்த் நகரமோ 1829 இல் சுவான் ஆற்றங்கரையிலே சுதந்திரக் குடிகளின் ஊராகத் தொடங்கி, ஆட்பஞ்சம் தாங்காமல் 1850 இல் தானே கைதிகளை வரவழைத்துக் கொண்டது. இன்று பேர்த் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டது. பிறிஸ்பேன் ஏறக்குறைய 25 இலட்சத்தையும் தாண்டியது. இரண்டும் ஆற்றங்கரை நகரங்கள்; ஆனால் கடலோடு அவற்றுக்குள்ள உறவு வேறு.

பேர்த் நேரே இந்து சமுத்திரத்தைப் பார்த்தபடி கிடக்கின்றது. கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக நூறு கிலோமீற்றருக்கு மேல் அது நீண்டு விட்டது. வெள்ளை மணலும் தெளிந்த நீரும் நகரத்தின் சொந்தச் சொத்து. மாலைப் பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்வது அங்கே ஒரு பிரயாணமன்று. பிறிஸ்பேனிலோ நகரத்துக்கு முன்னால் இருப்பது மோற்றன் குடா. சேறும் ஆழமின்மையும் கொண்டது. அலையடிக்கும் வெண்மணற் கரைக்குத் தெற்கே ஏறக்குறைய 75 கிலோமீற்றரோ, வடக்கே நூறு கிலோமீற்றரோ செல்ல வேண்டும். இக்குறையைத் தீர்க்கவே போலும், 1988 இல் உலகக் கண்காட்சி நடந்த ஆற்றங்கரை நிலத்தில், செயற்கைக் கடற்கரை ஒன்றை அமைத்து 1992 இல் திறந்தனர். சிறு குழந்தைகளுக்கு அது பெருவிருந்து. ஆனாலும் கடற்கரை நகரம் என்ற பெயரைக் கேட்டு வீட்டு வாசலிலே அலையை எதிர்பார்த்துச் செல்பவருக்கு, பிறிஸ்பேன் முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கற்பிக்கும்.

அடுத்தது சுவாத்தியம். இரண்டு நகரங்களிலும் வெயில் உண்டு என்று பொதுவாகச் சொல்லி விடுவது போதாது; மழை எப்போது பெய்கின்றது என்பதே அங்கு வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றது. பிறிஸ்பேனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி கோடை காலத்திலே இடியுடனும் புழுக்கத்துடனும் வருவது. பனிக்காலமோ உலர்ந்து, இளவெயில் வீசி, மிக இனிதாயிருக்கும். பேர்த்தில் இது தலைகீழ். அங்கே மழை பனிக்காலத்துக்குரியது; கோடை முழுதும் வானம் வறண்டு கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் சில நாட்களாவது வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஆனால் அது வியர்க்க வைக்காத வரட்டு வெப்பம். பிற்பகலில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று எழுந்து நகரத்தைக் குளிர்விக்கின்றது. அதற்கு அவ்வூரார் 'பிறீமாண்டில் வைத்தியர்' என்று பெயரிட்டுள்ளனர். நோயாளிக்கு வைத்தியர் வரும் நேரம் தெரிந்திருப்பது போல, அந்தக் காற்று வரும் நேரமும் அவர்களுக்குத் தெரியும்.

சுவாத்தியம் குழந்தைகளின் உடல்நலத்தோடு பிணைந்தது என்பதற்குச் சரித்திரமே சான்று. வேல்சு நாட்டின் பரி என்னும் ஊரிலே ஒரு சிறுமி மார்ச்சளி நோயால் வருந்தினாள். வெப்பமான நாட்டுக்குச் செல்லுமாறு பெற்றோருக்கு ஆலோசனை கூறப்பட்டது. 1966 இல் அக்குடும்பம் அடிலெயிட்டில் இறங்கியது. அச்சிறுமியே 2010 இல் அவுஸ்திரேலியாவின் பிரதமராகிய யூலியா கிலாட். குழந்தையின் மூச்சு ஒரு குடும்பத்தின் திசையைத் தீர்மானித்தது. எனினும் வெயிலுக்கு மறுபக்கமும் உண்டு. வெண்ணிறத் தோலுடையோர்க்குத் தோற் புற்றுநோய் அவுஸ்திரேலியாவிற் பெரும் பகை. குயீன்ஸ்லாந்து அதில் முன்னணியில் நிற்கின்றது. தொப்பியில்லாத பிள்ளையை விளையாட விடாத வழக்கம் அங்குள்ள பள்ளிகளில் வேரூன்றியிருப்பதற்கு இதுவே காரணம். பேர்த் வெயிலும் இதிற் பெரிதும் குறைந்ததன்று.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தடி நீரை நம்பி வாழ்வதன் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. பேர்த் நகரம் மணற்பாங்கான கரையோர நிலத்தில் அமர்ந்து, அதன் அடியிலுள்ள நீரையும் கிழக்கு மலைச்சாரலின் அணைகளையும் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1970களின் நடுப்பகுதி முதலாக அப்பிரதேசத்தில் மழை குறைந்து, அணைகளுக்கு வந்து சேரும் நீர் வெகுவாக வற்றிற்று. 2006 இல் குவினானா என்னுமிடத்திலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மற்றொன்றும் வந்தது. ஆதலால் இன்று குழாயில் நீர் வருகின்றது. ஆனால் தோட்டத்துக்கு நீர் விடுவதற்கு நாள் குறித்துக் கொடுக்கும் ஊர் அது.

பேர்த்தின் துயரம் நீரின்மை என்றால், பிறிஸ்பேனின் துயரம் நீரின் மிகுதி. நகரத்தின் நடுவே பாம்புபோல் வளைந்தோடும் ஆறு, 1893 இல் நகர அளவுகோலில் 8.35 மீற்றர் உயரத்துக்கு எழுந்தது. 1974 சனவரியில் 5.45 மீற்றர். அதன் பின்னர் வைவன்கோ என்னும் பேரணை கட்டப்பட்டது. இனி வெள்ளம் வராது என்று பலர் நம்பினர். 2011 சனவரியில் ஆறு 4.46 மீற்றருக்கு எழுந்து அந்நம்பிக்கையைக் கழுவிச் சென்றது. 2022 பெப்ரவரியில் மீண்டும் 3.85 மீற்றர். பழைய குயீன்ஸ்லாந்து வீடுகள் மரத்தாலாகி, உயர்ந்த கால்களின் மேல் நிற்பது காற்றோட்டத்துக்காக மாத்திரமன்று என்பதைப் புதிதாக வருபவர் உணர வேண்டும். அங்கே வீடு பார்க்கும் தந்தை முதலிற் கேட்க வேண்டிய வினா, அறைகள் எத்தனை என்பதன்று. 2011 இலும் 2022 இலும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதே. நகரசபையின் வெள்ள வரைபடம் எவருக்கும் கிடைக்கும். பேர்த்திலோ மலைச்சாரல் வீடுகளை நாடுவோர் காட்டுத்தீயைப் பற்றி விசாரிக்க வேண்டும். 2021 பெப்ரவரியில் வூறலூப் பகுதியில் எழுந்த தீயில் 86 வீடுகள் அழிந்தன.

இப்பொழுது பிழைப்புக்கு வருவோம். வாதத்தின் உயிர்நிலை இதுவே. மேற்கு அவுஸ்திரேலியாவின் செல்வம் மண்ணுக்குள் இருக்கின்றது. 1892 இல் கூல்காடியிலும் 1893 இல் கல்கூர்லியிலும் பொன் கண்டனர். பின்னர் வடக்கே பில்பறாப் பிரதேசத்து இரும்புத்தாது மாநிலத்தையே தாங்கும் தூணாயிற்று. மின்சாரத் தொழிலாளிக்கு அங்கே சம்பளம் மிகப் பெரிது. ஆனால் சுரங்கம் பேர்த்தில் இல்லை. ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. தொழிலாளி விமானமேறிச் சென்று, இரண்டு வாரமோ அதற்கு மேலோ முகாமில் தங்கி வேலை செய்து, பின்பு ஒரு வாரமளவில் வீட்டில் இருப்பான். பறந்து போய்ப் பறந்து வரும் தொழில் என்று அதனைக் குறிப்பிடுவர். இவ்வாழ்க்கை மனநலத்தை எவ்வாறு தாக்குகின்றது என்று மேற்கு அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று 2015 இல் விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது.

மேசையின் ஒரு பக்கத்திலிருக்கும் கணவன் சம்பளத் தொகையைக் காண்கிறான். மறுபக்கத்திலிருக்கும் மனைவி காண்பது வேறு. இரண்டு வயதுப் பையன் காய்ச்சலோடு அழும் நள்ளிரவு, அறிமுகமில்லாத தெரு, கணவன் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், தாயார் பூமியின் மறுபக்கத்தில். காலையில் தானும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகளை யார் பார்ப்பார்? தாய்நாட்டில் ஒரு கதவைத் தட்டினால் தீர்ந்திருக்கும் தொல்லை, அங்கே மலையாகி நிற்கும். குடிபெயர்ந்தவரைத் திரும்பவைப்பது பெரும்பாலும் வறுமையன்று, இத்தகைய இரவுகளே. பத்துப் பவுண் திட்டத்திற் சென்றோருள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் திரும்பிச் சென்றனர் என்று கணக்கிடுவர். இரண்டாண்டு தங்காமல் திரும்பினால் அரசாங்கம் செலுத்திய கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தும் அவர்கள் திரும்பினர். திரும்பியவருள் மனம் மாறி மறுபடியும் கப்பலேறியவர்களும் பலர்.

பிறிஸ்பேனின் பிழைப்பு இவ்வாறு ஒரே தூணில் நிற்பதன்று. அரசாங்க அலுவலகங்கள், மருத்துவமனைகள், துறைமுகம், கட்டடத் தொழில், நிலக்கரி, உல்லாசப் பிரயாணம் எனப் பல கிளைகள் உண்டு. 2032 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டு அந்நகருக்கு 2021 இல் வழங்கப்பட்டபின் கட்டட வேலைகளும் பெருகின. சம்பளம் சுரங்கச் சம்பளம் போலாகாது. ஆனால் மாலையில் தந்தை வீடு திரும்புவான். பேர்த்திலும் நகரத்துக்குள்ளேயே தொழில் தேடிக்கொள்வோர் மிகப் பலர் என்பதை மறத்தலாகாது. ஆயினும் சுரங்கத் தொழில் ஏறும்போது வாடகையும் வீட்டு விலையும் ஏறுவதும், அது இறங்கும்போது எல்லாம் இறங்குவதும் அந்நகரத்தின் இயல்பு. 2014 இன் பின்னர் சில ஆண்டுகள் வீட்டு விலை விழுந்து கிடந்தது. 2020 இன் பின்னர் அது வேகமாக ஏறிற்று. பிறிஸ்பேனிலும் அவ்வாண்டின் பின் வாடகை கடுமையாக உயர்ந்தது. மலிவு என்பதை எண்ணி இரண்டில் ஒன்றைத் தெரியும் காலம் கடந்துவிட்டது.

தூரம் என்பதும் பலவகை. பேர்த்துக்கு அண்மையிலுள்ள பெருநகரமாகிய அடிலெயிட், தரைவழியாக ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். 1962 பெப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் யோன் கிளென் பூமியைச் சுற்றிச் சென்றபோது, பேர்த் மக்கள் தங்கள் வீட்டு விளக்குகளை எல்லாம் ஏற்றி வைத்தனர். பரந்த இருளின் ஓரத்தில் அவ்வொளியை அவர் கண்டார். தனித்திருக்கும் ஊரொன்று, தான் இருப்பதை உலகுக்கு அறிவித்த நிகழ்ச்சி அது. ஆனால் இங்கிலாந்திலுள்ள பாட்டியாருக்கு அந்தத் தனித்த ஊரே அண்மையானது. 2018 மார்ச் முதல் இலண்டனிலிருந்து பேர்த்துக்கு இடையில் நில்லாத விமானம், ஏறக்குறைய 17 மணி நேரத்தில் வந்து சேர்கின்றது. பிறிஸ்பேனுக்குச் செல்ல இடையே இறங்கி மாறவேண்டும். முதிய பெண்ணொருவர் தனியே பிரயாணஞ் செய்வதற்கு இது சிறு வேறுபாடன்று.

அதேவேளை, பிறிஸ்பேனிலிருந்து சிட்னி ஒன்றரை மணி நேர விமானப் பிரயாணம். ஒரு வேலை போனால் மற்றொன்று தேடுவதற்கும், உறவினர் ஒருவர் கீழ்க்கரையில் இருந்தால் அவரைக் காண்பதற்கும் அது வாய்ப்பானது. தொலைபேசிக்கும் கணக்கு உண்டு. பேர்த் இலண்டனுக்கு எட்டு மணி நேரம் முந்தியது. பிறிஸ்பேன் பத்து மணி நேரம். இங்கிலாந்தின் கோடையில் இவை ஒவ்வொரு மணி நேரம் குறையும். பிறிஸ்பேனில் காலை ஏழு மணிக்குப் பேத்தி உணவருந்தும்போது பாட்டியாருக்கு இரவு ஒன்பது, பேசலாம். பேர்த்தில் அதே நேரம் பாட்டியாருக்கு இரவு பதினொன்று, உறங்கியிருப்பார். மாலையிலே பேசுவதென்றால் பேர்த்தே வசதி. இத்தகைய சிறு கணக்குகளே பின்னாளில் ஒரு குடும்பத்தின் பாசத்தைக் காத்து நிற்பவை.

பள்ளிக்கூட விடயத்தில் இரு நகரங்களும் பெரிதும் ஒத்தவை. இரண்டிலும் கல்வியாண்டு சனவரி இறுதியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ தொடங்குகின்றது. சூன் 30 க்குள் ஐந்து வயது நிறைவதைக் கொண்டே குழந்தையின் முதல் வகுப்பு தீர்மானிக்கப்படும். இந்த முதலாண்டு மேற்கு அவுஸ்திரேலியாவில் 2013 முதலும் குயீன்ஸ்லாந்தில் 2017 முதலும் கட்டாயமாகியது. செப்டெம்பரில் வகுப்பேறும் ஆங்கிலப் பிள்ளை, ஆண்டின் நடுவே வந்து சேர்ந்தால் அரையாண்டு முன்னோ பின்னோ தள்ளப்படும். ஆதலால் சனவரிக்கு முன் சென்று சேர்வது நன்று. மேலும் அரசினர் பள்ளியில் இடம் கிடைப்பது பெரும்பாலும் வாழும் தெருவைப் பொறுத்தது. பள்ளியைத் தெரிந்த பின்னரே வாடகை வீட்டைத் தெரிய வேண்டும்.

குடிவரவுச் சட்டமும் ஒரு வேறுபாட்டைச் செய்துள்ளது. 2019 நவம்பரில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பிராந்தியங்களுக்குரிய விசாவின் நோக்கத்துக்குப் பேர்த் பிராந்திய நகரமாகக் கொள்ளப்பட்டது. பிறிஸ்பேன் அவ்வாறு கொள்ளப்படவில்லை. இதனாற் சிலருக்குத் தெரிவே இல்லாமற் போகலாம். எனவே விசா எவ்வகையது என்று அறிந்த பின்னரே மேசை வாதத்தைத் தொடங்குதல் அறிவுடைமை.

இவற்றையெல்லாம் தராசில் இட்டபின், அந்தக் குடும்பத்துக்குக் கூறத்தக்க முடிவு என்ன? கணவன் சுரங்கச் சம்பளத்துக்காகவே பேர்த்தை விரும்புகிறான் என்றால், பையன் பள்ளி செல்லும் வயது வரையிலாவது அவ்விருப்பத்தை ஒத்திவைப்பது நலம். அந்நிலையில் மனைவி சொல்லும் பிறிஸ்பேனே ஏற்றது. அதுவும் ஆற்றுத் தாழ்வை விட்டு மேட்டுநிலத்தில். ஆனால் கணவன் பேர்த் நகரத்துக்குள்ளேயே மாலையில் வீடு திரும்பக்கூடிய தொழிலுக்கு உடன்படுவானாயின், நிலைமை மாறும். கடற்கரை அண்மை, புழுக்கமற்ற கோடை, பாட்டியார் ஒரே விமானத்தில் வந்திறங்கும் வசதி ஆகிய மூன்றும் பேர்த்தின் தட்டைத் தாழ்த்திவிடும். ஆக, வாதம் இரு நகரங்களைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது தந்தை எங்கே உறங்குவான் என்பதைப் பற்றியது.

தெரிந்த பின்னரும் சில முறைகள் கைக்கொள்ளத் தக்கவை. முதலாண்டு வீடு வாங்காமல் வாடகைக்கு இருத்தல். அந்நகரத்தை அதன் மோசமான மாதத்தில், அதாவது இரண்டு ஊர்களையும் பெப்ரவரியில், ஒருமுறை பார்த்தல். திரும்புவதற்கான கட்டணத்தை வங்கியிலே தனியே இட்டு, அதைத் தொடாதிருத்தல். வீட்டில் அதிகம் தனித்திருக்கப் போகிறவரின் சொல்லுக்கு அதிகம் மதிப்பளித்தல். கடைசியாகச் சொன்னதே தலையாயது.

தெரிவு பிழைத்துவிட்டால் வாழ்வே பிழைத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1958 இல் மன்செஸ்டரிலிருந்து கிப் என்னும் குடும்பமொன்று, கைக்குழந்தையோடும் மூன்று சிறுவரோடும் ஒரு பெண் பிள்ளையோடும் கப்பலேறிப் பிறிஸ்பேனுக்கு அயலிலுள்ள றெட்கிளிப்பில் வந்து குடியேறிற்று. அச்சிறுவர் மூவரும் அங்கே ஊர்மேடைகளிற் பாடத் தொடங்கினர். பின்னர் பீ ஜீஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற அவர்கள், 1967 இல் இங்கிலாந்துக்கே திரும்பினர். சென்றது பிழையா, திரும்பியது பிழையா என்று எவரால் வகுக்க முடியும்? றெட்கிளிப் அவர்களை இன்றும் தன் பிள்ளைகள் என்றே கொண்டாடுகின்றது.

கொழும்புத் துறையில் அன்று நின்ற கப்பல்கள் மறைந்துவிட்டன. மேற்றளத்தில் தாயின் இடுப்பிலிருந்து கரையைப் பார்த்த குழந்தைகள் இன்று பாட்டன் பாட்டியராகி, சிலர் பேர்த்திலும் சிலர் பிறிஸ்பேனிலும் வாழ்கின்றனர். அவர்களிடம் எந்த நகரம் சிறந்தது என்று கேட்டால், ஒவ்வொருவரும் தாம் வளர்ந்த நகரத்தையே கூறுவர். பெற்றோர் எத்தனையோ இரவுகள் விழித்திருந்து செய்த தெரிவு, பிள்ளைகளுக்கு வெறும் பிறந்த ஊரைப் போல இயல்பாகிவிடுகின்றது. எந்தத் துறையில் இறங்கினாலும், இறங்குகிறவர் கையோடு கை பிடித்து இறங்கினால், அதுவே பிள்ளைகளுக்கு ஊராகும்.